சிறுநீர்ப் பாதையில் சுண்ணாம்புப் பூச்சு

ஆழ்குழாய்க் கிணற்று நீரை அன்றாடம் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தில் நாளடைவில் வெண்மையான ஒரு பூச்சு படிகிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் பல வீடுகளில் இதைக் காணலாம். விரலால் தேய்த்தால் அது போகாது. எலுமிச்சைத் தோலையோ புளியையோ இட்டுத் தேய்த்தால் கரைந்து போகும். நீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், வெப்பம் பட்டதும் கரியமில வாயுவை இழந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து யாரும் எதையும் கொண்டுவந்து பூசவில்லை. சூழ்நிலை மாறியது, கரைந்திருந்த பொருள் படிந்தது.

இதே போன்றதொரு பூச்சு உயிருள்ள மனிதரின் சிறுநீர்ப்பையிலும் சிறுநீரகத்தின் உட்குழிவிலும் படிவதுண்டு என்றால் வியப்பாக இருக்கும். அங்கே சூழ்நிலையை மாற்றுவது வெப்பமன்று, ஒரு கிருமி. குடிக்கும் நீரின் உப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. மருத்துவர்கள் இந்நோயைப் படிவுச் சிறுநீர்ப்பை அழற்சி என்றும், சிறுநீரக உட்குழிவில் வந்தால் படிவுச் சிறுநீரகக் குழிவு அழற்சி என்றும் குறிப்பிடுகின்றனர். இது அரிய நோய். ஆயினும் உரிய காலத்தில் அடையாளம் காணத் தவறினால் ஒரு சிறுநீரகத்தையே இழக்க நேரிடும். அடையாளம் கண்டுவிட்டாலோ, குணப்படுத்த வழி உண்டு. எனவே இதைப் பற்றி அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

யூரியா என்னும் கழிவு

நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை, இறைச்சி முதலியவற்றிலுள்ள புரதம் உடலில் சிதையும்போது நைட்ரஜன் கழிவு உண்டாகிறது. கல்லீரல் இக்கழிவை யூரியாவாக மாற்றுகிறது; சிறுநீரகங்கள் அதை வடித்து வெளியேற்றுகின்றன. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் யூரியாவைச் சிறுநீரில் கழிக்கிறார். வயலுக்கு உழவர் இடும் யூரியா உரமும் வேதியியல்படி இதே பொருள்தான்.

யூரியா தன்னளவில் சாதுவானது. நீரில் நன்கு கரையும். அமிலமும் அன்று, காரமும் அன்று. ஆனால் யூரியேஸ் என்ற நொதி அதைத் தீண்டினால் நிலைமை தலைகீழாகிறது. யூரியாவின் ஒரு மூலக்கூறு நீருடன் வினைபுரிந்து, அம்மோனியாவின் இரண்டு மூலக்கூறுகளாகவும் கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறாகவும் உடைகிறது. அம்மோனியா ஒரு காரம். உரமிட்ட வயலிலும், கழுவாத பொதுக் கழிப்பிடத்திலும் மூக்கைத் துளைக்கும் நெடி இந்த வினையின் விளைவே. மண்ணிலும் தரையிலும் வாழும் பாக்டீரியாக்களிடம் இந்த நொதி உண்டு. மனித உடலின் உயிரணுக்களிடம் இல்லை.

நொதிகளின் வரலாற்றில் யூரியேசுக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1926-ல் அமெரிக்க வேதியியலார் ஜேம்ஸ் சம்னர், நம் வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஜாக் பீன் என்னும் அவரையின் விதைகளிலிருந்து யூரியேசைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். முதன் முதலில் படிகமாக்கப்பட்ட நொதி இதுவே. நொதி என்பது புரதம் என்று அவர் காட்டியதை அன்று பலர் ஏற்கவில்லை. 20 ஆண்டுகள் கழித்து, 1946-ல், அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

படிகம் பிறக்கும் விதம்

சிறுநீரில் கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட் முதலிய உப்புகள் எப்போதும் கரைந்திருக்கின்றன. சிறுநீர் பொதுவாகச் சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 6-ஐ ஒட்டி இருக்கும். (பி.எச். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.) அமிலச் சூழலில் இவ்வுப்புகள் கரைந்தே இருக்கும்.

யூரியேஸ் உடைய கிருமி உள்ளே புகுந்தால் அம்மோனியா பெருகுகிறது. சிறுநீரின் பி.எச். 8-ஐயும் தாண்டுகிறது. இப்போது இருவகைப் படிகங்கள் தோன்றுகின்றன. முதலாவது, மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் நீர் மூலக்கூறுகளுடன் சேர்ந்த ஸ்ட்ரூவைட். நுண்ணோக்கியில் இது சவப்பெட்டியின் மூடி போன்ற வடிவில் காட்சியளிக்கும். இரண்டாவது, கால்சியமும் பாஸ்பேட்டும் கார்பனேட்டும் கலந்த அபடைட். நம் எலும்புக்கும் பல்லுக்கும் உறுதியளிக்கும் தாதுவின் நெருங்கிய உறவு இது.

இப்படிகங்கள் சிறுநீரிலே மிதந்து ஒன்று திரண்டால் அது கல். அவ்வாறு இல்லாமல், புண்பட்ட உட்சவ்வின் மீதே ஒட்டிப் படிந்தால் அது நாம் பேசும் சுண்ணாம்புப் பூச்சு. கல் தனியே நிற்கும் பொருள். அதை உடைத்தோ எடுத்தோ விடலாம். பூச்சோ சவ்வோடு சவ்வாக ஒட்டியது. கிருமிகள் அதன் அடியிலும் இடுக்கிலும் பதுங்கி வாழ்கின்றன. மேலும் அம்மோனியாவை உண்டாக்கி, மேலும் பூச்சை வளர்க்கின்றன. அம்மோனியா சவ்வை அரிக்கிறது. அரித்த புண்ணில் புதிய படிவு ஏறுகிறது. இப்படி ஒரு நச்சுச் சுழல் உருவாகிவிடுகிறது.

குற்றவாளி அகப்பட்ட கதை

பிரான்சுவா என்ற மருத்துவர் 1914-ல் இத்தகைய சிறுநீர்ப்பை நோயைப் பற்றி எழுதினார். 1925-ல் அமெரிக்காவில் ஹேகர், மேகத் என்ற இருவர், யூரியாவைச் சிதைக்கும் கிருமிகளே இதற்குக் காரணம் என்று எடுத்துக் காட்டினர். புரோட்டியஸ் என்ற கிருமி அத்தகையது. ஆனால் பல நோயாளிகளின் சிறுநீரில் சோதனைச் சாலையார் எந்தக் கிருமியையும் காணவில்லை. சிறுநீர் காரமாக இருக்கும். சீழ் அணுக்கள் இருக்கும். கிருமி மட்டும் இருக்காது!

இப்புதிருக்கு விடை 1985-ஐ ஒட்டி ஸ்பெயின் நாட்டில் கிடைத்தது. அங்குள்ள ஆய்வாளர்கள், டி2 என்ற தொகுதியைச் சேர்ந்த கோரினிபாக்டீரியம் ஒன்றை இந்நோயுடன் தொடர்புபடுத்தினர். 1992-ல் அதற்குக் கோரினிபாக்டீரியம் யூரியலிட்டிக்கம் என்று பெயரிடப்பட்டது. யூரியாவைச் சிதைப்பது என்பதே பெயரின் பொருள். தொண்டை அடைப்பானை உண்டாக்கும் டிப்தீரியாக் கிருமியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. ஆனால் இது டிப்தீரியா நச்சை உண்டாக்குவதில்லை. மனிதரின் தோலில், சிறப்பாகத் தொடை இடுக்கில், தீங்கின்றிக் குடியிருக்கும். நெடுநாள் மருத்துவமனையில் படுத்திருப்போரின் தோலில் இது அதிகமாகக் காணப்படும்.

1990-களின் தொடக்கத்தில், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களின் சிறுநீரகக் குழிவிலும் இக்கிருமி பூச்சை உண்டாக்குவது அறியப்பட்டது. அதன் பின்னரே மருத்துவ உலகம் இந்நோயை ஊன்றிக் கவனிக்கத் தொடங்கியது.

யாருக்கு வரும்?

நல்ல உடல்நலத்துடன் நடமாடுபவருக்கு இந்நோய் வருவது மிக அரிது. அது வேரூன்ற மூன்று சூழல்கள் கைகொடுக்க வேண்டும். ஒன்று, சிறுநீர்ப் பாதையின் உட்சவ்வு முன்பே புண்பட்டிருத்தல்: அறுவை, புற்றுநோய்க்கான கதிர் மருத்துவம், நெடுநாள் பொருத்திய ரப்பர்க் குழாய் போன்றவற்றால். இரண்டு, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியிருத்தல். மூன்று, பலவகைக் கிருமிக்கொல்லி மருந்துகளைத் தொடர்ந்து உட்கொண்டிருத்தல். அம்மருந்துகள் மற்றக் கிருமிகளைக் கொன்றுவிட, அவற்றுக்கு அசையாத இக்கிருமிக்குப் போட்டியில்லாத களம் கிடைக்கிறது.

இந்தச் சூழல்கள் நம்மிடையே பெருகியுள்ளன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 1965-ல் தன் முதல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்தது. அக்காலத்தில் இளைஞர்களாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று 80 வயதை எட்டிவிட்டனர். முதுமையில் ஆண்களுக்கு விந்துச் சுரப்பியாகிய புராஸ்டேட் பருத்துச் சிறுநீரை அடைப்பது பரவலாகக் காணப்படுவது. அதற்காக அறுவை செய்துகொண்டவர்களும், சிறுநீர்க் குழாயும் பையுமாக வீட்டில் இருப்பவர்களும் ஒவ்வொரு குடியிருப்பிலும் உண்டு.

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்களும் பெருகியுள்ளனர். 1971-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்டது. 2008-ல், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பொருத்தும் திட்டத்தைத் தமிழக அரசு முறைப்படுத்தியது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை அவர்கள் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். அந்த மருந்தே இக்கிருமிக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது.

ஏன் தப்பிவிடுகிறது?

எடுத்துக்காட்டாக, ஆவடியில் வாழும் முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். புராஸ்டேட் அறுவை நடந்து சில வாரங்கள் ஆகின்றன. அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார், எரிச்சல் தாங்க முடியவில்லை, அடிவயிறு வலிக்கிறது, சிறுநீரில் இரத்தம் கலந்து வருகிறது, அம்மோனியா நெடி வீசுகிறது, சில வேளை மணல் போன்ற துகள்களும் விழுகின்றன. மருத்துவர் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்புகிறார். சீழ் அணுக்கள் நிறைய உள்ளன. ஆனால் வளர்ப்புச் சோதனை, கிருமி ஏதும் வளரவில்லை என்கிறது.

இங்கேதான் தவறு நேர்கிறது. சிறுநீரில் வழக்கமாகக் காணும் கிருமிகள் ஓர் இரவில் வளர்ந்துவிடும். ஆகவே பல சோதனைச் சாலைகளில் 24 மணி நேரம் முடிந்ததும் வளர்ப்புத் தட்டுகளை அப்புறப்படுத்திவிடுவர். நம் கிருமியோ ஆமை நடை போடுவது. இரத்தம் சேர்த்த ஊட்டத் தட்டில், சிறிது கரியமில வாயு கலந்த காற்றில், 48 முதல் 72 மணி நேரம் வைத்திருந்தால்தான் ஊசி முனையளவு புள்ளிகளாக அது தலைகாட்டும். அப்படியே வளர்ந்தாலும், இது தோலிலிருந்து தவறி விழுந்த கிருமி என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. ஆகையால், இன்ன கிருமியை ஐயுறுகிறேன், தட்டை மூன்று நாள் வைத்திருங்கள் என்று மருத்துவர் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். தேடினால்தான் கிடைக்கும், தேடுவதற்கு முதலில் ஐயம் எழ வேண்டும்.

லிட்மஸ் தாள் சொல்லும் சேதி

அந்த ஐயத்தை எழுப்பும் கருவி விலையுயர்ந்த எந்திரம் அன்று. பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் கையாளும் லிட்மஸ் தாள்தான். சிவப்பு லிட்மஸ் நீலமானால் சிறுநீர் காரத்தன்மை உடையது. அத்தாளை உலர விட்டுப் பார்த்தால் மேலும் ஒரு செய்தி தெரியும். அம்மோனியா எளிதில் ஆவியாவது; எனவே அதனால் நீலமான தாள் உலர்ந்ததும் மீண்டும் சிவக்கும். பிற காரங்களால் நீலமானது அப்படியே நிற்கும். இன்று மருத்துவமனைகளில் பி.எச். அளவையே காட்டும் வண்ணப் பட்டைத் தாள்கள் வந்துவிட்டன.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெளியில் வைத்த சிறுநீர் நேரம் செல்லச் செல்லத் தானே காரமாகிவிடும். ஆவடியில் விடியற்காலையில் புட்டியில் பிடித்து, மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கு எடுத்துச் சென்று, வரிசையில் நின்று நண்பகலில் கொடுத்தால், அந்தச் சிறுநீரின் பி.எச். எதையும் உறுதி செய்யாது. மருத்துவமனையிலேயே புதிதாகப் பிடித்து, உடனே சோதிக்க வேண்டும். குழாய் பொருத்தியவர்களுக்குப் பையில் தேங்கிய சிறுநீர் பயன்படாது. காய்கறி மட்டுமே உண்போருக்கும், சில மருந்துகள் உட்கொள்வோருக்கும் நோயின்றியே சிறுநீர் காரமாகலாம் என்பதையும் மறக்கக் கூடாது. காரத்தன்மை, சீழ் அணுக்கள், ஸ்ட்ரூவைட் படிகம், கிருமி வளராமை ஆகிய நான்கும் ஒன்று கூடினால்தான் ஐயம் வலுப்பெறும்.

காசநோயா, கல்லா, இதுவா?

சீழ் அணுக்கள் உண்டு, கிருமி இல்லை என்றவுடன் நம் நாட்டு மருத்துவர்களின் நினைவுக்கு முதலில் வருவது சிறுநீரகக் காசநோய். அது தவறன்று. காசநோய் இங்கு பரவலாக உள்ளது. சிறுநீரகத்தில் சுண்ணம் படியச் செய்வதும் அதன் இயல்பு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. காசநோய்க்கு மருந்து தொடங்குவதில் நம் மருத்துவர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆனால் காசநோயில் சிறுநீர் பெரும்பாலும் அமிலமாகவே இருக்கும். சுண்ணமும் சிறுநீரகத்தின் சதைப்பகுதியில் திட்டுத் திட்டாகப் படியும். காரச் சிறுநீருடன் உட்சவ்வில் மெல்லிய ஏடாகப் படிந்திருந்தால் வேறு நோயை எண்ண வேண்டும். தவறான நோய்க்கு ஆறு மாதம் மருந்துண்பது, சரியான நோய்க்கு ஆறு மாதத்தை இழப்பதாகும்.

சிறுநீர்ப்பைச் சுவரில் சுண்ணம் படியச் செய்யும் மற்றொரு நோய், நத்தைகள் வாயிலாகப் பரவும் சிஸ்டோசோமா என்ற குருதிப் புழுவால் வருவது. இது ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் மிகுதி. இந்தியாவில் மராட்டிய மாநிலத்து இரத்தினகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற சிற்றூரில் இது இருந்ததாகக் காட்கில், ஷா ஆகியோர் 1952-ல் அறிவித்தனர். அந்நாடுகளில் பணிபுரிந்து திரும்பியவர்களிடம் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒளிப்படங்களில் சி.டி. ஸ்கேன் படமே மிகத் தெளிவானது. சாதாரண எக்ஸ்ரேயில் மெல்லிய பூச்சு புலப்படாமல் போகலாம். ஒலி அலைப் படத்தில் அது கல்லைப் போலத் தோன்றி ஏமாற்றலாம். மருந்து செலுத்தாமல் எடுக்கும் சி.டி. படத்திலோ, சிறுநீரகக் குழிவின் ஓரத்தை வெள்ளைக் கோடு தீட்டியது போல் பூச்சு தெரியும். சிறுநீர்ப்பையை உள்நோக்கிக் குழாய் வழியே பார்த்தால், சிவந்து குருதி கசியும் சவ்வின்மேல் வெண்மஞ்சள் நிறப் பொருக்குகள் காணப்படும்.

மும்முனை மருத்துவம்

நோயின் சுழலை மூன்று இடங்களில் ஒரே காலத்தில் அறுக்க வேண்டும்.

முதலாவது, கிருமியைக் கொல்லுதல். வழக்கமான கிருமிக்கொல்லிகள் பலவற்றுக்கு இது மசியாது. வான்கோமைசின், டைக்கோபிளானின் என்ற மருந்துகளுக்குக் கட்டுப்படும். இவற்றை ஊசி வாயிலாகப் பல நாட்கள், தேவையானால் வாரக்கணக்கில் தர வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றிருந்தால் அளவைக் கணக்கிட்டுக் குறைப்பது அவசியம்.

இரண்டாவது, சிறுநீரை அமிலமாக்குதல். பாத்திரத்துப் பூச்சை எலுமிச்சை கரைப்பது போல, இப்பூச்சையும் அமிலம் கரைக்கும். 1943-ல் அமெரிக்காவில் சூபி, ஆல்பிரைட் ஆகியோர், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தோடு மக்னீசியம் சேர்த்த ஒரு கரைசலால் பாஸ்பேட் கற்களைக் கரைக்கும் முறையை வெளியிட்டனர். இவ்வகைக் கரைசலைக் குழாய் வழியே நேரடியாகச் சிறுநீர்ப்பைக்குள்ளோ சிறுநீரகக் குழிவுக்குள்ளோ மெல்லச் சொட்டவிடுவர். அழுத்தம் மிகக் கூடாது. காய்ச்சலோ விலாவலியோ கண்டால் உடனே நிறுத்த வேண்டும். இரத்தத்தில் மக்னீசிய அளவையும் கண்காணிக்க வேண்டும். இது மருத்துவமனையில் மட்டுமே செய்யக்கூடியது. யூரியேசையே முடக்கும் அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலம் என்ற மருந்தும் உண்டு. ஆனால் பக்க விளைவுகள் மிகுந்தது.

மூன்றாவது, பொருக்குகளை உள்நோக்கி வழியே அகற்றுதல். மருந்து எட்டாத மறைவிடத்தை இது குறைக்கிறது. எனினும் அழுத்திச் சுரண்டினால் சவ்வு மேலும் புண்படும். புண்ணே புதிய படிவுக்கு இடமாகும். எனவே அறுவை வல்லுநர் நிதானத்துடன் செயல்பட வேண்டியுள்ளது. பழைய குழாய்கள் உள்ளே இருந்தால் அவற்றை எடுத்துவிட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

மூன்றில் ஒன்றை விட்டாலும் பயன் குறையும். மருந்து மட்டும் தந்தால் பூச்சின் அடியிலுள்ள கிருமி தப்பும்; பூச்சை மட்டும் எடுத்தால் கிருமி மீண்டும் பூசும்.

நாம் அறிய வேண்டியவை

நீர்க்கடுப்பு என்றதும் மருந்துக் கடையில் தாமே ஒரு புட்டி திரவ மருந்தை வாங்கிக் குடிப்பது நம் மக்களின் வழக்கம். அம்மருந்துகள் பெரும்பாலும் சிட்ரேட் உப்புகள். பெயரில் சிட்ரிக் அமிலத்தின் சாயல் இருந்தாலும், குடித்த சிட்ரேட்டை உடல் பைகார்பனேட்டாக மாற்றிவிடுவதால் சிறுநீர் மேலும் காரமாகும். சில வகைக் கற்களுக்கு அது நன்மை. இந்நோய்க்கோ எரியும் நெருப்பில் எண்ணெய். எலுமிச்சைச் சாற்றைக் குடிப்பதாலும் இப்பூச்சு கரையாது. வாழைத்தண்டுச் சாறும் இதைக் கரைக்காது. அதில் பொட்டாசியம் மிகுதியாதலால், சிறுநீரகம் பழுதுற்றவர்கள் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது.

வீட்டில் குழாய் பொருத்திய முதியவர் இருந்தால், குறித்த நாளில் அதை மாற்ற வேண்டும். குழாய் அடிக்கடி அடைபட்டாலோ, மணல் போன்ற துகள் கண்டாலோ, கடும் நெடி வீசினாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கல் அறுவைக்குப் பின் சிறுநீர்க்குழலில் வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை எடுக்கத் திரும்பிப் போக மறப்பவர் பலர். வலி நின்றுவிட்டது என்று இருந்துவிட்டால், அதன்மேலும் உப்பு படிந்து அதுவே கல்லாகிவிடும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், விடாத நீர்க்கடுப்பையும், சோதனையில் கிருமி இல்லை என்ற முடிவையும் ஒன்றாகப் பெற்றால், சிறுநீரின் பி.எச். என்ன என்று தயங்காமல் மருத்துவரைக் கேட்கலாம்.

மருத்துவம் பயிலப் போகும் மாணவர்களுக்கும் இந்த அரிய நோய் ஒன்றைக் கற்பிக்கிறது. கிருமி வளரவில்லை என்பதற்குக் கிருமி இல்லை என்று பொருளன்று; நாம் வைத்திருந்த நேரத்தில், நாம் கொடுத்த ஊட்டத்தில் வளரவில்லை என்பதே அதன் பொருள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில், சில வேளை ஒருவரின் சிறுநீரகம் அடங்கியிருக்கிறது.